ஏழு மணிச் சர்க்கரை

திருப்புலிவனம்
12.8.2024

அன்புள்ள தம்பி மோகனுக்கு,

நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ சிரித்து முடித்த பிறகு நலம் விசாரித்துக்கொள்வோம்.

உன் மகள் பிரியங்கா போன மாதம் வந்தபோது என் போனில் என்னமோ ஒன்றை ஏற்றினாள். "அத்தே, இத்தத் தொட்டா சக்கர எவ்ளோன்னு காட்டும்" என்றாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வேலூர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். யாருடைய சர்க்கரை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன் என்னுடையது, தொடுகிற விரல் என்னுடையது, அப்புறம் சர்க்கரை மட்டும் அடுத்த வீட்டுக்காரனுடையதா இருக்கும்?

முதல் நாள் தொட்டேன். இருநூற்று எண்பத்தேழு. அன்றைக்கே சோற்றை நிறுத்தினேன். மூன்று நாள் வெறும் கேழ்வரகுக் கூழ். எண் இறங்கவில்லை. சாயங்காலம் நாலரைக்கு நான் காய்ந்த வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறேன், அது பாட்டுக்கு ஏறுகிறது. உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "துன்னாதப்பவே இப்டி ஏறுதே, நீ துன்னா போனு வெடிச்சிடும்டி" என்றார். அவருக்கு வாயில் வருவது வருஷத்துக்கு நாலு பேச்சு. அதில் ஒன்றை இதற்குச் செலவு பண்ணினார்.

நாலாம் நாள் மாத்திரை கொடுக்க வந்த நர்சம்மா திலகா என் விரலில் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. அப்புறம் போனை வாங்கிப் பார்த்தாள். மேலே இங்கிலீஷில் ஒரு பேர் இருக்கிறதாம். நான் படித்த அஞ்சாம் வகுப்பில் இங்கிலீஷ் எங்கே வந்தது? "இது மோகன்குமாருன்னு போட்டுக்கீது, யாருக்கா அது?" என்றாள். கேட்டுவிட்டு அம்மிக்கல் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆக, நீ ஓசூரில் தின்றாய். நான் இங்கே பட்டினி கிடந்தேன்.

பிறகு பிரியங்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். உன் கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை பார்க்கிற வில்லை, தான் பார்ப்பதை உன் போனுக்குச் சொல்கிறதாம். உன் போன் என் போனுக்குச் சொல்கிறதாம். "எங்கிட்ட பொய் சொல்லிடுவாரு அத்தே, உங்களுக்குன்னாதான் பயப்படுவாரு" என்றாள். நல்ல பெண். மே மாதம் நீ கம்பெனி பஸ்ஸை ஓரம் கட்டி இறங்கி டீக்கடை வாசலில் சுருண்டு விழுந்தாயே, அதை நினைத்துத்தான் அவள் இதையெல்லாம் செய்கிறாள். கம்பெனிப் பெண்கள் நாற்பது பேர் அப்போதுதான் இறங்கிப் போயிருந்தார்கள். அஞ்சு நிமிஷம் முன்னால் விழுந்திருந்தால் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

போனில் பேசினால் "நல்லா கீறேன்க்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படி வைக்க முடியாது. பதில் எழுது. உன் உடம்பு நலம் போனிலேயே வந்துவிடுகிறது, மற்ற நலத்தை எழுது.

உன் சர்க்கரையை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும்
அக்கா ஆதிலட்சுமி


ஓசூர்
24.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மோகன் வணக்கம். நான் நலம். மாமாவையும் உன்னையும் நலமாக வைத்திருக்கக் கடவுளை வேண்டுகிறேன். கூழ் குடித்ததைப் படித்து ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். மன்னித்துக்கொள்.

இந்த வில்லை எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றிலும் அரிக்கிறது. யூனிபாரம் அரைக்கை, அதனால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. பஸ்ஸில் ஏறும் பெண்கள் "அண்ணா, அது இன்னாண்ணா கையில?" என்று கேட்டார்கள். தடுப்பூசி என்றேன். நம்பவில்லை. டிரைவர் எங்கே போகிறான் என்று பார்க்கக் கம்பெனி ஒட்டிய கருவி என்று ஒரு பெண் சொல்ல, அடுத்து நமக்கும் ஒட்டுவார்களா என்று இரண்டு நாள் அதே பேச்சு.

காலையில் ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை எண் வராது. பயப்படாதே. வண்டி ஓட்டும்போது போன் வைத்திருக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். ஷெட்டில் பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கையும் போனும் பத்துப் பதினைந்து அடிக்கு மேல் பிரிந்தால் ஒன்றோடு ஒன்று பேசாது. திரும்பி வந்ததும் விட்டுப்போன கோட்டை அதுவே போட்டுக்கொள்ளும்.

நாலரைக்கு ஏறுவது டீ.

அன்புடன்
தம்பி மோகன்குமார்


திருப்புலிவனம்
2.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவுக்கு மட்டும் முதுகுப் பிடிப்பு. மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டீ என்று எழுதினாய். தம்பி, நான் அஞ்சாவது படித்தவள்தான், ஆனால் இந்தக் கோட்டை இப்போது மூன்று வாரமாகப் பார்க்கிறேன். டீ ஒரு வரப்பு மாதிரி ஏறும். உன்னுடையது ஏரிக்கரை மாதிரி ஏறுகிறது. டீயோடு போண்டா. ஒன்று இல்லை, மூன்று. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஏறி சாயங்காலம் வரை இறங்காமல் நிற்பது பிரியாணி. போன புதன்கிழமை பத்து மணிக்கு ஏறியது என்ன என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. யாருக்காவது பிறந்த நாளா? நீயே சொல்லிவிடு, இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது.

சிரிப்பு போகட்டும். ஒன்பது மணிக்கு மேல் அது நிரப்புகிற கோடு இருக்கிறதே, அதில் எட்டரை பக்கம் ஒரு பள்ளம் விழுகிறது. வியாழன் அன்று அறுபத்தொன்று. வெள்ளி அறுபத்தைந்து. திலகாவிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "காலீல இன்சுலின் போட்டுக்கினு உடனே துன்றாரா இல்லியா?" என்று கேட்டாள். நீ ஐந்து மணிக்கு ஊசி போட்டுக்கொள்கிறாய். நாஷ்டா ஒன்பது மணிக்கு. நடுவில் ஸ்டியரிங்கும் நாற்பது பெண்களும். அவர்களுக்கும் வீட்டில் காத்திருக்க ஆள் உண்டு.

ஊசி போட்டால் சாப்பிட்டுவிட்டு வண்டி எடு. சாப்பாடு கைக்கு வரும்வரை ஊசியைத் தொடாதே. சட்டைப்பையில் சர்க்கரை ஏதாவது போட்டு வை. பஸ்ஸில் போண்டா மட்டும் வேண்டாம்.

வில்லையைச் சுற்றி அரித்தால் சொறியாதே. இடம் மாற்றி ஒட்டச் சொல்கிறாள் உன் மகள்.

எண்ணைப் பார்த்துத் தேய்ந்த விரலோடு
அக்கா


ஓசூர்
20.9.2024

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. எங்கள் ஷெட் சூப்பர்வைசர் சுப்பிரமணிக்கு நீ போன் செய்தாயா? அல்லது பிரியங்காவா? திங்கட்கிழமையிலிருந்து சாவி கொடுப்பதற்கு முன் என் போனைக் கேட்கிறார். எண்பதுக்குக் கீழே இருந்தாலும் சாவி இல்லை. இருநூற்றைம்பதுக்கு மேலே இருந்தாலும் சாவி இல்லை. செவ்வாயும் புதனும் எனக்கு வண்டி இல்லை. வேறு டிரைவர் போனான். ஊசி போட்ட அன்று இறங்கிக் கிடக்கிறது. போடாமல் வந்த அன்று ஏறிக் கிடக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் என் உடம்பு நிற்பதில்லை.

இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டுகிறேன். எனக்கு வேறு வேலை தெரியாது. இன்னும் மூன்று முறை இப்படி ஆனால் வேறு ஆள் பார்ப்பேன் என்கிறார்.

என் உடம்பில் இருப்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிகிறது. யார் சொன்னது என்று மட்டும் எழுது.

மோகன்குமார்


திருப்புலிவனம்
27.9.2024

அன்புள்ள தம்பி மோகனுக்கு,

உன் கடிதத்தில் அன்புள்ள என்ற சொல்லைக் காணவில்லை. தபாலில் விழுந்துவிட்டது போல. நான் இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சுப்பிரமணியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. மே மாதம் நீ விழுந்தபோது அவர்தான் என்னைக் கூப்பிட்டார். ஆனால் நான் பேசவில்லை. மாமா தலைமேல் சத்தியம். அவர் தலை உனக்குப் போதாது என்றால் என் தலைமேல். பிரியங்காவும் பேசவில்லை, கேட்டுவிட்டேன். அரைக்கைச் சட்டையில் வட்டமாக ஒட்டிக்கொண்டு ஷெட்டில் நடந்தால் அந்த மனிதருக்குக் கண் இருக்கிறதா இல்லையா? ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வண்டி கிடைக்காத வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் தம்பி, அவர் கேட்பதில் தப்பு என்ன? நீ சாப்பிட்டுவிட்டு ஊசி போடு. பத்து நாளில் எண் தானாக நடுவுக்கு வரும் என்று திலகா அடித்துச் சொல்கிறாள். நான்கு மணிக்கே சமைக்க ஆள் இல்லை என்றால் முந்தின நாள் சாயங்காலமே இட்லி வாங்கி வை. ஆறிப்போன இட்லியைப் பார்த்து முகம் சுளிக்காதே. நம் அம்மா சுட்ட இட்லியைச் சுவரில் அடித்தால் சுவர்தான் உதிரும். அதையே தின்று வளர்ந்த பல் உனக்கு.

கோபம் தீர்ந்ததும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஆதிலட்சுமி


திருப்புலிவனம்
20.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆனால் எண் வருகிறது. எப்பேர்ப்பட்ட எண்! தொண்ணூற்றெட்டு, நூற்றுப் பத்து, நூற்று இரண்டு. சாயங்காலம் நாலரைக்கு ஏரிக்கரையும் இல்லை, வரப்பும் இல்லை. பிரியாணி ஞாயிறு கூட நூற்று முப்பதோடு அடங்கிவிடுகிறது. பிரியங்கா பூரித்துப்போய் அழுதேவிட்டாள். "அப்பா திருந்திட்டாரு அத்தே" என்கிறாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தம்பி, உன்னை நான் நாற்பத்தேழு வருஷமாகப் பார்க்கிறேன். நீ ஒரு நாள் திருந்துவாய், இரண்டு நாள் திருந்துவாய். பதினான்கு நாளைக்கு ஒரு முறை மாற்றுகிற வில்லையைப் புதிதாக ஒட்டும் நாள் என்று பிரியங்கா சொன்ன அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்து மணி அடித்த மாதிரி திருந்துகிற ஆள் நீ இல்லை. உன் சர்க்கரை ஒழுங்காக இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவள் இந்தத் தாலுக்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்னொன்று. தினமும் காலையில் ஏழு ஏழரைக்கு என் போன் கத்துகிறது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து என்று இறங்குகிறது. பத்து நிமிஷத்தில் தானாக ஏறிவிடுகிறது. முதல் நாள் ரேஷன் கடை வரிசையில் கத்தியது. நான் போட்ட கூச்சலில் எனக்கு முன்னால் இருந்த ஆறு பேரும் வழிவிட்டார்கள். எண்ணெய் சீக்கிரம் கிடைத்தது, அது வேறு.

திலகாவிடம் கேட்டேன். தினமும் ஒரே நேரத்தில் திடீரென்று விழுந்து திடீரென்று ஏறினால் அது நிஜமான இறக்கமாக இருக்காதாம். "வில்ல மேல ஒருக்களிச்சுப் படுத்துக்கினு இருந்தா அப்டி காட்டும்க்கா. கை அமுங்குதில்ல" என்றாள்.

ஏழு மணிக்கு நீ எங்கே படுத்திருக்கிறாய், தம்பி?

பதில் போடு.

அக்கா


ஓசூர்
28.10.2024

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம். போண்டாவை விட்டுவிட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் ஊசி போடுகிறேன். காலையில் இறங்குவது மிஷின் கோளாறு. சத்தம் வந்தால் நிறுத்திவிடு, எனக்கு போன் செய்யாதே. தினமும் வண்டி கிடைக்கிறது. தீபாவளிக்கு வர முடியாது. மாமாவின் முதுகு எப்படி இருக்கிறது?

மோகன்


திருப்புலிவனம்
5.11.2024

தம்பி மோகனுக்கு,

மாமாவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. என்னுடையதுதான் ஒடிந்துவிட்டது.

போன் செய்யாதே என்று எழுதினாய். நீ செய்யாதே என்று சொன்னதை நான் எப்போது செய்யாமல் இருந்தேன்? நேற்று காலை ஏழு இருபதுக்குக் கத்தியது. ஐம்பத்து மூன்று. உடனே கூப்பிட்டேன். வண்டி ஓட்டுகிறவன் போன் பெட்டியில் இருக்கும், அடித்து ஓயும் என்றுதான் நினைத்தேன். யாரோ எடுத்தார்கள். தூக்கக் குரல். தெற்கத்திப் பேச்சு.

"யாரு பேசுதிய?"

"நீ யாருப்பா? மோகன் எங்க கீறான்?"

"அண்ணாச்சி வண்டி எடுத்துட்டு அப்பமே போயிட்டாவளே. நா வாச்மேன் முத்துகிருஷ்ணன். நைட்டு டூட்டி முடிஞ்சு இப்பந்தான் படுத்தேன்."

"பெட்டில வெக்கற போனு உன் கைக்கு எப்டி வந்துச்சு?"

அதற்கு அவன் இருமினான். எனக்கு மேலே கேட்கத் தேவையில்லை. எப்படிப் படுத்திருந்தான் என்று மட்டும் கேட்டேன். இடது பக்கமாக என்றான் பாவம். சொன்ன பிறகுதான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்திருக்கும். வைத்துவிட்டான். வைத்த கையோடு எண் எண்பதுக்கு ஏறியது. எழுந்து உட்கார்ந்துவிட்டான் போல.

நீயே எழுதினாய், கையும் போனும் பிரிந்தால் பேசாது என்று. நீ ரோட்டில். போன் ஷெட்டில். ஏழு மணிக்கு அந்த போனோடு பேசுகிற கை உன் கை இல்லை.

இந்த ஐந்து வாரமும் நான் முத்துகிருஷ்ணன் சர்க்கரையைப் பார்த்து மாரியம்மனுக்கு விளக்கு போட்டிருக்கிறேன். நல்ல பிள்ளை, நன்றாக இருக்கட்டும். உன் சர்க்கரை என்ன? உனக்குத் தெரியுமா? உன் சூப்பர்வைசர் வாச்மேனுடைய எண்ணைப் பார்த்துவிட்டு உன்னிடம் சாவி கொடுக்கிறார். அந்த நாற்பது பெண்களும் வாச்மேனை நம்பி உன் வண்டியில் ஏறுகிறார்கள்.

நான் கிண்டல் பண்ணுகிறவள். இதில் கிண்டல் ஒன்றும் வரவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் அந்த வில்லையை உன் கையில் ஒட்டு. இல்லையென்றால் நீ சந்தேகப்பட்ட அந்த போனை நானே போடுவேன். அன்றைக்கு அன்புள்ள என்று எழுத வேண்டாம்.

பிரியங்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா ஆதிலட்சுமி


ஓசூர்
21.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இது முத்துகிருஷ்ணன் நலம் இல்லை, என் நலம்.

உன் கடிதம் ஒன்பதாம் தேதியே வந்தது. சட்டைப்பையில் வைத்திருந்தேன். பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். அதில் நீ எழுதியதெல்லாம் உண்மை. முத்துகிருஷ்ணனுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. "நம்ம கையிலதான ஒட்டணும், ஒட்டும் அண்ணாச்சி" என்றான். எனக்கு உதவுவதாக நினைத்தான். அவனைத் திட்டாதே.

பதிமூன்றாம் தேதி எட்டே காலுக்கு ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். அதுவரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு பின்னால் ஹாரன் சத்தம். யாருக்கோ அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பின் சீட்டில் புஷ்பா என்று ஒரு பெண் எப்போதும் உட்காரும். அது எழுந்து வந்து, "அண்ணா, கேட்டு தொறந்து எவ்ளோ நேரமாச்சு, எடுங்கண்ணா" என்றது. எனக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரிகிறது, கேட் என்றால் என்ன என்று தெரியவில்லை. சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். அந்தப் பெண்ணின் அம்மாவுக்குச் சர்க்கரை. அதனால் புரிந்துகொண்டது. முதலில் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டது. பிறகு பையிலிருந்து கமர்கட்டு எடுத்து என் வாயைத் திறந்து போட்டது. மென்னு மென்னு என்று கன்னத்தில் தட்டியது. இரண்டு, மூன்று போட்டது.

கண் தெளிந்தபோது கேட் மறுபடி மூடியிருந்தது. வண்டியில் நாற்பது பேரும் ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியை நான் இதுவரை பஸ்ஸில் கேட்டதில்லை.

அந்த நேரத்தில் உன் போனில் என் சர்க்கரை நூற்று நான்கு. திரும்பி வந்து என் போனில் பார்த்தேன்.

அன்றைக்கு கேட் மூடியிருந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

சாவியை சுப்பிரமணியிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னையும் முத்துகிருஷ்ணனையும் வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். புஷ்பாவும் இன்னும் சில பெண்களும் போய்ப் பேசியதில் அவனை எச்சரிக்கையோடு விட்டார்கள். என்னை ஷெட்டில் போட்டிருக்கிறார்கள். வண்டிகளுக்குக் காற்று, டீசல் பார்க்கும் வேலை. இனி ஸ்டியரிங் கிடையாது. காலையில் என் வண்டியை வேறு ஆள் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக் கை காட்டுகிறேன்.

புது வில்லை என் கையில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஊசி போடுகிறேன். ஷெட்டிலேயே இருப்பதால் இனிக் காலையிலும் எண் வரும். பிரியங்காவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நீ பதினைந்தாம் தேதி சுப்பிரமணிக்குப் போன் செய்திருப்பாய் என்று நினைத்தேன். அவர் யாரும் கூப்பிடவில்லை என்றார்.

அன்புடன்
தம்பி மோகன்குமார்


திருப்புலிவனம்
27.11.2024

அன்புள்ள, அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை மாமாவைப் படிக்கச் சொன்னேன். பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மாட்டுக்கு ஏற்கெனவே காட்டியாகிவிட்டது.

கேட்டாய், அதனால் சொல்கிறேன். ஏழாம் தேதி சுப்பிரமணியின் நம்பரை எடுத்தேன். பத்தாம் தேதி ஒரே ஒரு முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிட்டேன். உனக்கு வேறு வேலை தெரியாது என்று நீ எழுதியதுதான் காதில் விழுந்துகொண்டிருந்தது. அக்காதானே, இன்னும் நாலு நாள் பொறுக்கலாம் என்று நானே தவணை கொடுத்துக்கொண்டேன். தவணை பதினைந்து. நீ கேட்டுக்கு முன்னால் நின்றது பதிமூன்று. உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

அந்தப் பெண் புஷ்பாவுக்குச் சேலை ஒன்று எடுத்து வைக்கிறேன். அது சுடிதார் போடுகிற பெண் என்றால் எழுது, மாற்றிவிடுகிறேன்.

டிசம்பரில் லீவு போட்டுவிட்டு வா. நாலு நாள் என் கண் எதிரே சாப்பிடு. போனில் எண் நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிற எண்ணைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான் வருகிறது. நேரில் பார்த்தால்தான் அடங்கும்.

முத்துகிருஷ்ணனைக் கேட்டதாகச் சொல். வலது பக்கமாகப் படுக்கச் சொல்.

அக்கா ஆதிலட்சுமி


திருப்புலிவனம்
18.12.2024

அன்புள்ள மருமகள் பிரியங்காவுக்கு,

அத்தை எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். உன் அப்பாவும் நலம். இங்கேதான் இருக்கிறார், கூடத்தில் டிவி பார்க்கிறார். ராத்திரி டூட்டி அதிகமாகப் பார்க்காதே, கண்ணைப் பார்த்துக்கொள்.

ஒரு வில்லை அனுப்பிவை. சீக்கிரம் அனுப்பினால் நல்லது. காரணம் எழுதுகிறேன்.

உன் அப்பா சனிக்கிழமை வந்தார். புது வில்லையோடு வந்தார், ஒட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இளைத்திருக்கிறார், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. நான் எதிரில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாடு போட்டேன். சோறு போட்டேன், ஏறியது. நடக்கச் சொன்னேன், கிணறு வரை போய் வந்தார், இறங்கியது. மறுநாள் இரண்டு இட்லி, அரை மணியில் ஏறியது. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ சிரிக்காதே. ஒரு முறை ஏமாந்துவிட்டேன். ஓசூரில் அந்த முத்துகிருஷ்ணனும் அதே நேரத்தில் இட்லி தின்றால்? அப்படி வராது, போன் இங்கே இருக்கிறது என்று உன் அப்பா விளக்கினார். விளக்கம் நன்றாக இருந்தது. அவர் எப்போதுமே நன்றாக விளக்குவார். கையில் இருப்பது பழைய வில்லையாக இருந்து, பசை போட்டுச் சும்மா ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்? நிஜ வில்லைக்கு அடியில் முடி போல ஒரு கம்பி சதைக்குள் போகும் என்று நீதானே சொன்னாய்.

நேற்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் காற்றாட உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கைய காட்டு நைனா."

"இன்னாக்கா இப்போ?"

"சும்மா காட்டு. அரிக்குதுன்னு எழுதனியே, பாக்கறேன்."

"இப்போ அரிக்கல. வுடுக்கா."

"அரிக்காதது எப்டிடா? போன தபா அரிச்சுதே?"

கையைப் பிடித்தேன். அவர் இழுத்தார். இழுத்ததும் எனக்குச் சந்தேகம் அதிகமானது. விளிம்பில் ஒரு இடம் லேசாக மேலே எழும்பியிருந்தது. அடியில் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நகத்தை மட்டும் விட்டேன்.

கம்பி இருக்கிறது. அரை விரல் அகலம் கூட இருக்காது. நுனியில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. பிய்ந்த வில்லை என் கையில் இருந்தது.

உன் அப்பா கையைத் தேய்த்துக்கொண்டார். போன் ஒரு மாதிரிச் சத்தம் போட்டு நின்றது. உன் மாமா வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் ஒட்டிக்கினு இருந்துது" என்றார்.

இன்னும் எட்டு நாள் ஓடியிருக்க வேண்டியது.

இப்படிக்கு
உன் அத்தை ஆதிலட்சுமி